சனி முதல் சனி வரை: வீட்டில் சிகுங் பழகும் முறை

சிகுங் என்ற சீன மூச்சு, அசைவுப் பயிற்சியைக் கற்றுக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் பிரச்சினையே இல்லை. அன்று வகுப்பு. ஆசிரியர் முன்னால் நிற்பார்; அவர் கையைத் தூக்கினால் நாமும் தூக்குவோம், இறக்கினால் இறக்குவோம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் கோப்பிக்கடை. கஷ்டமெல்லாம் மீதி ஆறு நாளில்தான். "வீட்டிலயும் தினம் செய்யணும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆறு நாளை எப்படி ஓட்டுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஓட்டிக் காட்டிய அனுபவசாலிகள் எங்கள் வகுப்பில் நிறையவே உண்டு. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கவனித்துத் தொகுத்ததுதான் இந்த வழிகாட்டி.

வகுப்பு நடப்பது சிங்கப்பூரில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில். ஒரு பக்கம் கடிதப் பெட்டிகள், இன்னொரு பக்கம் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை, நடுவே தூண்களுக்கு இடையில் நாங்கள். முன்வரிசை முழுக்கச் சீன மூத்தோர். பின்வரிசையில், "ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்க" என்று மருத்துவர் சொன்னதைத் தட்ட முடியாமல் வந்து சேர்ந்த தமிழர்கள் சிலர். ஒரு மலாய்த் தம்பதி. ஆசிரியரை எல்லோரும் லாவ்ஷி என்றே கூப்பிடுகிறோம். எழுபதைத் தாண்டிய அம்மையார். சொல்வதெல்லாம் மாண்டரினில். பின்வரிசைக்குப் புரிவது யீ, அர், சான், ஸி என்ற எண்கள் மட்டும். புரியாத மொழியில் சொல்லப்படும் அறிவுரைக்கு ஒரு வசதி இருக்கிறது: அதைக் கடைப்பிடிக்கவில்லை என்று நம்மேல் யாரும் குற்றம் சாட்ட முடியாது.

அவர் சொல்லித் தருவது பாதுவான்ஜின். எட்டுத் துண்டுப் பட்டு என்று அதற்குப் பெயர். எட்டே எட்டு அசைவுகள். சோங் மன்னர்கள் காலத்திலேயே இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். 2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை நான்கு பழைய சிகுங் தொகுப்புகளை எடுத்து, இத்தனை முறை, இந்த வரிசையில் என்று ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. அந்த நான்கில் இதுவும் ஒன்று. பின்னணி இசையோடு முழுதும் செய்ய ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும்.

இந்தக் கலையின் பெருங்குறை என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு எதுவும் தேவையில்லை. நீச்சல் என்றால் குளம் வேண்டும். பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று நிம்மதியாக வீட்டில் இருக்கலாம். பூப்பந்துக்கு ஆள் வேண்டும். ஆள் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யோகாவுக்குக்கூட ஒரு விரிப்பு வேண்டும். மகள் எடுத்துப் போய்விட்டாள். சிகுங்குக்கோ கை இரண்டையும் நீட்ட இடம் இருந்தால் போதும். நிற்கத் தெரிந்தால் போதும். ஆக, செய்யாமல் இருப்பதற்கான காரணத்தை ஒவ்வொருவரும் சொந்த முயற்சியில் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு உழைப்பு வேண்டும்.

நேரம் பார்த்தல்

முதல் வேலை, நல்ல நேரம் குறிப்பது. பழைய தாவோ மரபில் நடு இரவு, உச்சிப்பொழுது, விடியல், அந்தி ஆகிய நான்கும் சிறந்த வேளைகள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவையுங்கள். நடு இரவில் தூக்கம். உச்சிப்பொழுதில் சோறு. அந்தியில் பேரப்பிள்ளையைத் துணைப்பாட வகுப்பிலிருந்து அழைத்துவர வேண்டும். மிச்சம் விடியல்.

விடியல் விஷயத்தில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு சலுகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1982 பிறந்தபோது இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில்தான் சூரியன் எழுகிறது. ஆகவே "சூரிய உதயத்தில் எழுந்து பயிற்சி செய்தேன்" என்று ஊரில் இருக்கும் மச்சானிடம் ஏழு மணிக்கு எழுந்துவிட்டும் சொல்லலாம். செய்தேன் என்பதுதான் பொய்யாக இருக்கும், உதயம் நிஜம்.

இதையும் மீறி ஒரு நேரம் அமைந்துவிட்டால், வயிற்றைத் துணைக்கு அழையுங்கள். நிறைந்த வயிற்றோடு செய்யக் கூடாது, பசியோடும் செய்யக் கூடாது என்பது நியாயமான விதி. எல்லா ஆசிரியர்களும் சொல்வது. தமிழ் வீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை ஒருநாளும் வருவதில்லை. எழுந்ததும் பசி. எட்டரைக்கு இட்லி. பத்தரைக்குத் தே ஹலியா என்ற இஞ்சித் தேநீரோடு ஒரு பிஸ்கட். பன்னிரண்டரைக்கு மறுபடியும் பசி. அந்தி வரை கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓர் இடைவெளி கிடைக்காது. கிடைத்தால் அப்போது யாராவது வடை கொண்டுவருவார்கள்.

சாமான் வாங்குதல்

தேவையில்லாத கலைக்குத் தேவையான பொருள்களை வாங்குவது அடுத்த கட்டம். வெள்ளைப் பட்டுச் சட்டை, தொளதொள கால்சட்டை, துணிக் காலணி. சைனாடவுனில் கிடைக்கும், இணையத்தில் ஆர்டர் செய்தால் வர இரண்டு வாரம் ஆகும், அந்த இரண்டு வாரமும் சட்டபூர்வமான ஓய்வு. வந்ததும் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்ப மறக்காதீர்கள்.

சாமான் மோகம் நம்மோடு தொடங்கியதாக நினைத்து வெட்கப்பட வேண்டாம். 1980களில் சீனாவை ஒரு சிகுங் காய்ச்சல் பிடித்தது. பூங்காவெல்லாம் கூட்டம். அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்க, மேடையிலிருந்து ஒருவர் 'சக்தி' அனுப்புவார். ராக்கெட் விஞ்ஞானி சியன் ஷுவேசென் போன்ற பெரிய மனிதரே இது அறிவியலின் அடுத்த கட்டம் என்று ஆதரித்துப் பேசினார். 1990களில் எடுத்த படங்களில், தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு மக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அண்டவெளியின் தகவலை வாங்கிக்கொள்ள அந்தச் சட்டி உதவும் என்று நம்பினார்களாம். 1999இல் அரசு பாலுன் கோங் என்ற சிகுங் இயக்கத்தைத் தடைசெய்தபோது காய்ச்சலும் இறங்கியது. நான்கு தொகுப்புகளை ஒழுங்குபடுத்தியதெல்லாம் அதற்குப் பிறகுதான். சட்டி யோசனையை நான் பரிந்துரைக்கவில்லை. ஒருநாள் தலையில் வைத்துவிட்டால் அப்புறம் அதில் சாம்பார் வைக்க உங்கள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்.

மறுமுனையில் இன்னொரு சான்றும் இருக்கிறது. 1973இல் ஹுனான் மாநிலத்தின் மாவாங்துய் கல்லறையைத் தோண்டியபோது ஒரு பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. கி.மு. 168இல் புதைக்கப்பட்டது. அதில் 44 பேர் உடலை நீட்டி, வளைத்து, கை விரித்து நிற்கிறார்கள். ஆண், பெண், கிழவர், இளைஞர் என எல்லோரும் உண்டு. சிலருக்கு மேல்சட்டைகூட இல்லை. ஒருவர் கையில் ஒரு கோல், அவ்வளவுதான். இந்த ஓவியத்தை வகுப்பில் யாரிடமும் சொல்லாதீர்கள். பட்டுச் சட்டை வரட்டும் என்று காத்திருப்பவர்களின் பிழைப்பு கெட்டுவிடும்.

ஆராய்ச்சி

பயிற்சிக்கு மாற்றாக ஆராய்ச்சியைப்போல் மரியாதையானது வேறில்லை. நம்மவர்களுக்கு இதில் தனி வாய்ப்பும் இருக்கிறது. பின்வரிசையில் ஒரு பெரியவர், முதல் வகுப்பு முடிந்து கோப்பி வருவதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்: "இதெல்லாம் நம்ம போதிதர்மர் கொடுத்த வித்தைதானே தம்பி." 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து போதிதர்மராகச் சூர்யா கிளம்பிப் போய்ச் சீனர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

கொஞ்சம் பொறுங்கள். போதிதர்மரோடு சேர்த்துச் சொல்லப்படுவது ஈஜின்ஜிங் என்ற வேறொரு தொகுப்பு. அந்த நூலை ஆராய்ந்தவர்கள் அது 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்கிறார்கள். போதிதர்மர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. மாவாங்துய் ஓவியமோ அவருக்கு அறுநூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. இந்த விவரத்தைப் பெரியவரிடம் ஒருநாள் மெல்ல எடுத்துச் சொன்னேன். "அப்ப போகர்?" என்றார். சீனாவுக்கும் சித்தருக்குமான தொடர்பைத் தொடங்கிவிட்டால் புதன்கிழமை வரை தாராளமாகப் போகும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வியாழனும் கழியும்.

இந்த வாதத்தில் ஒரு சிறு ஆபத்து உண்டு. ஷாவ்லின் மடத்தருகே போதிதர்மர் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார் என்பது மரபுக் கதை. யாராவது அதை நினைவுபடுத்தி, "நீங்க ஒன்பது நிமிஷம் நில்லுங்களேன்" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பதில்: எங்கள் வீட்டுச் சுவரில் தொலைக்காட்சி மாட்டியிருக்கிறது.

"நம்மகிட்ட யோகா இருக்கும்போது இது எதுக்கு?" என்ற கேள்வி உறவினர்களிடமிருந்து வரும். யோகாவும் செய்யாதவர்கள்தான் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள். ஒரே கல்லில் இரண்டு பயிற்சியையும் தவிர்க்க உதவும் கேள்வி என்பதால், பதில் சொல்லாமல் அப்படியே பாதுகாத்து வையுங்கள்.

ஆரம்பித்தே தீருவேன் என்பவர்களுக்கு

இவ்வளவுக்கும் பிறகு ஹாலின் நடுவில் போய் நின்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கால்களைத் தோளளவு அகலத்தில் வைத்தாயிற்று. முழங்காலை லேசாகத் தளர்த்தியாயிற்று. நாக்கு நுனி மேலண்ணத்தில். கவனம் தொப்புளுக்குக் கீழே. இதுவரை எல்லாம் சரி. அடுத்து என்ன?

இங்கேதான் உண்மை தெரியவரும். வகுப்பில் உங்களுக்கு எட்டு அசைவும் தெரிந்திருந்தது. வீட்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை. காரணம் எளிது: நீங்கள் இத்தனை நாள் கற்றது பாதுவான்ஜின் இல்லை, முன்வரிசை ஆன்ட்டியின் முதுகை. அவர் இடப்பக்கம் சாய்ந்தால் நீங்களும் சாய்ந்தீர்கள். அவருக்குத் தும்மல் வந்தபோது பின்வரிசை முழுக்கத் தலையைக் குனிந்து நிமிர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த முதுகு இல்லாத ஹாலில் எந்தக் கால் முதலில், எந்தக் கை மேலே என்று எதுவும் நினைவுக்கு வராது.

யூடியூபைத் திறப்பீர்கள். அங்கே ஆசிரியர் உங்களைப் பார்த்து நிற்பார். அவர் இடக்கை உங்களுக்கு வலப்பக்கம் தெரியும். அதற்கு ஏற்ப மூளை ஒருமுறை திரும்புவதற்குள் அவர் அடுத்த அசைவுக்குப் போயிருப்பார். முதுகைக் காட்டி நிற்கும் காணொளியும் தேடினால் கிடைக்கும். அது கிடைத்ததும் இன்னும் நல்லதாக ஒன்று கிடைக்குமா என்று தேடுங்கள். நல்ல காணொளி தேடுவதில் ஒரு மாலை கழிவது சர்வசாதாரணம்.

சரி, அசைவுகளுக்கு வருவோம். முதலாவது, இரு கைகளாலும் வானத்தைத் தாங்குவது. விரல்களைக் கோத்து, உள்ளங்கையை மேலே திருப்பி, உடம்பு முழுக்க நீளும்படி உயர்த்த வேண்டும். அழகான அசைவு, நாள் முழுக்க நாற்காலியில் கூனியிருந்த முதுகுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. இதை மனைவி கண்ணில் படும்படி செய்ய வேண்டாம். "என்னங்க, வானத்தைத் தாங்குறதுதான் தாங்குறீங்க, அப்படியே மேல் அலமாரியில இருக்கிற இட்லிப் பானையை எடுத்துக் கொடுங்க" என்று குரல் வரும். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மாவுப் பாத்திரத்தையும் எடுக்கச் சொல்வார்கள். அன்றைய பயிற்சி அத்தோடு சரி.

இரண்டாவது, வில்லை வளைத்துக் கழுகைக் குறிபார்ப்பது. குதிரைமேல் இருப்பவரைப்போல் கால்களை அகட்டித் தாழ்ந்து, ஒரு கை நீள, மறுகை நாணை இழுக்க வேண்டும். மூவறை வீட்டு ஹாலில் முழு வில்லுக்கு இடம் கிடையாது. ஒரு முழங்கை சாமி மாடத்துக் குத்துவிளக்கில் படும், மறுகையின் விரல் தொலைக்காட்சியைத் தொடும். சோபாவை நகர்த்த வேண்டும் என்பது தெளிவு. சோபாவை நகர்த்த மகன் வர வேண்டும். மகன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.

மூன்றாவதில் ஒரு கை மேலே, ஒரு கை கீழே. வயிற்றுக்கு நல்லது என்பார்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான்காவது, உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்ப்பது. ஐந்து களைப்பையும் ஏழு காயத்தையும் இது போக்குமாம். பின்னால் வசந்தம் தொலைக்காட்சியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தால், திரும்பிய தலை முன்னால் வராது. அது எட்டாவது காயம்.

ஐந்தாவது தலையை ஆட்டி வாலை அசைப்பது. இதயத்தின் சூட்டைத் தணிக்கவாம். எட்டில் கடினமானது இதுதான். தாழ்ந்து உட்கார்ந்து, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, தலையை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், வட்டமாகச் சுழற்ற வேண்டும். சம்பந்தி வீட்டார் வருகிற நாளில் தவிர்க்கவும். முழங்கால் வலி உள்ளவர்கள் அவ்வளவு தாழ வேண்டியதே இல்லை என்று லாவ்ஷி சைகையில் பலமுறை சொல்லிவிட்டார். முழங்கால் கால்விரலைத் தாண்டி முன்னால் போகக் கூடாது என்பதையும் தட்டிக் காட்டுவார். ஆறாவது குனிந்து பாதத்தைத் தொடுவது. பாதம் தென்படாதவர்கள் அது இருக்கும் திசையைத் தொட்டால் போதும். விளையாட்டில்லாமல் ஒன்று: ரத்த அழுத்தமோ தலைசுற்றலோ இருந்தால் தலையைத் தொங்கப்போடாதீர்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சிகுங் செய்கிறேன் என்று மருந்தை விட்டவர்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத முடியாது.

ஏழாவதில் முட்டியை இறுக்கி, கண்ணை உருட்டி விழித்துப் பார்த்தபடி குத்து விட வேண்டும். கோபப் பார்வை இந்த அசைவின் ஓர் அங்கம். இல்லாமல் செய்தால் செய்ததாகக் கணக்கில்லை. நம் வீடுகளில் காற்றுக்காக மரக்கதவைத் திறந்து, இரும்புக் கதவை மட்டும் சாத்திவைப்போம். தாழ்வாரத்தில் போகிறவர் பார்த்தால், கம்பிக்குப் பின்னால் ஒரு மனிதர் கண்ணை உருட்டி முட்டியை ஓங்கிக்கொண்டு நிற்பார். பல ஆண்டு நல்லுறவு ஒரு நொடியில் போகும். சுவர்ப்பக்கம் திரும்பிச் செய்யவும். அந்தச் சுவரில் மாமனார் படம் இருந்தால் வேறு சுவர்.

எட்டாவது, குதிகாலைத் தூக்கி, தொப்பென்று இறக்குவது. ஏழு முறை. நூறு நோயும் இதில் உதிர்ந்துவிடும் என்பது அந்த அசைவின் பழைய பெயரிலேயே இருக்கிறது. நீங்கள் இருப்பது ஆறாவது மாடியில். உங்கள் நூறு நோயும் உதிர்ந்து விழுகிற இடத்தில், ஐந்தாவது மாடியில், இரவு வேலை முடித்துவந்த ஒருவர் அப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு ஏழு அதிர்ச்சி. கீழேயிருந்து துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டும் ஓசை வந்தால், அதை எட்டாவதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

தீ, பேய் முதலியன

தனியாகச் செய்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஓர் உயர்தரமான காரணம். ஹாங்காங் வாள்வீச்சுத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: குகையில் தனியாகப் பயிற்சி செய்யும் வீரனை யாராவது நடுவில் தொந்தரவு செய்துவிட்டால் உள்ளே தீ தடம் மாறிவிடும், பேய் புகுந்துவிடும், வாயிலிருந்து ரத்தம் பீறிடும். "லாவ்ஷி பக்கத்தில் இல்லாமல் செய்வது சரியில்லை" என்று இதை நாகரிகமாகச் சொல்லலாம்.

இந்தப் பயத்துக்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் பின்னிணைப்பில், சிகுங்கால் வரும் மனக்குழப்பம் என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அளவுக்கு மீறி மூழ்குகிறவர்களுக்கு வரக்கூடிய, கொஞ்ச காலமே நீடிக்கும் நிலை என்று அதில் விளக்கமும் உண்டு. அளவுக்கு மீறி மூழ்குவது. இந்த வழிகாட்டியை இவ்வளவு தூரம் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த ஆபத்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூழ்கியவர்களும் இருந்தார்கள். இந்தக் கலைக்குச் சிகுங் என்ற பெயரையே 1950களில் ஊரறியச் செய்தவர் ஹெபெய் மாநிலத்தைச் சேர்ந்த லியூ குய்ஜென். கட்சி ஊழியர். 1940களின் கடைசியில் வயிற்றுப்புண் முற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். உறவினர் ஒருவர் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை நூறு நாளுக்கு மேல் ஒரு நாளும் விடாமல் செய்தார், குணமானார் என்று வரலாறு சொல்கிறது. புண் எதனால் ஆறியது என்ற விவாதம் நமக்கு வேண்டாம். விடாமல் என்ற சொல்லைத் தாண்டி நம்மால் போக முடிவதில்லை.

வெள்ளி இரவு

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மனசாட்சி விழித்துக்கொள்ளும். அப்போது எட்டு அசைவையும் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு நாள் பாக்கியை ஒரே தவணையில் அடைக்கும் இந்த முறையில் ஒரே ஒரு குறை: சனிக்கிழமை காலை, முதல் அசைவிலேயே லாவ்ஷி கண்டுபிடித்துவிடுகிறார்.

எப்படி என்று நெடுநாள் யோசித்தோம். கண்ணைப் பார்த்துத்தான். பழகியவர் கண் எங்கோ தூரத்தில் நிலைத்திருக்கும். பழகாதவர் கண் முன்வரிசை முதுகைத் தேடி ஓடும். தோள் காதுவரை ஏறியிருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கையைத் தூக்குவார்கள், கை இறங்கும்போது புஸ் என்று விடுவார்கள். லாவ்ஷி அருகில் வந்து தோளை இரண்டு விரலால் அழுத்துவார். "அங்கிள், ஹோம்ல நோ பிராக்டிஸ் ஆ?" அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

முன்வரிசை ஆன்ட்டியிடம் ஒருநாள் கோப்பிக்கடையில் கேட்டேன், வீட்டில் எத்தனை மணிக்குச் செய்வீர்கள் என்று. அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. நேரம் என்று ஒன்றும் கிடையாதாம். சோறு வேகும்போது அடுப்படியில் நின்று வானத்தைத் தாங்குவார். பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் குதிகாலை ஓசையில்லாமல் தூக்கி இறக்குவார். மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். எட்டையும் ஒரே மூச்சில் செய்வது சனிக்கிழமை மட்டும்தானாம். பட்டுச் சட்டை அவரிடம் இல்லை. போதிதர்மரைப் பற்றி அவர் கேள்விப்பட்டதுண்டு. எந்த ஊர் என்று தெரியாது.

இது ஒரு வழிமுறையே இல்லை என்று பின்வரிசை ஏகமனதாகத் தீர்மானித்தது. நேரம் இல்லை, ஒழுங்கு இல்லை, வரிசை இல்லை. எங்கள் வீட்டுக் குக்கரில் சோற்றுக்கு மூன்று விசில். அதற்குள் ஓர் அசைவை ஆறு முறை செய்துவிடலாம் என்பதைச் சிலர் சோதித்துப் பார்த்ததாகக் கேள்வி. யாரென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தத் தம்பதியில் மலாய்க்கார அண்ணனின் தோள் இப்போதெல்லாம் காதுக்கு ஏறுவதில்லை என்பதை எல்லோரும் பார்க்கிறோம்.

கடைசியாக, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு தகவல். வகுப்பு சனிக்கிழமை காலை ஏழரைக்கு. மழை என்று குழுவில் செய்தி போட்டு விடுப்பு எடுக்க முயல வேண்டாம். நாம் நிற்பது கீழ்த்தளத்தில். தலைக்கு மேலே பன்னிரண்டு மாடிக் கூரை இருக்கிறது.